முழங்கால் தழும்பும் இரண்டு மதிப்பெண் கேள்வியும்

"ஒத்த அமைப்பும் ஒத்த பணியும் கொண்ட செல்களின் தொகுப்பு திசு எனப்படும்."

மகள் இதை எட்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் உயிரியல் தேர்வு. நான் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது தடவை ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என் முழங்காலையே பார்த்தாள்.

"அம்மா, மேல்தோல் மாசத்துக்கு ஒரு தடவை புதுசாயிடும்னு இதுல போட்டிருக்கு. அப்போ உன் தழும்பு மட்டும் ஏன் அப்படியே இருக்கு?"

என் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குல நீளத்தில் ஒரு தழும்பு. ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்று வெளுத்து, வழவழவென்று, வெளிச்சம் பட்டால் மினுங்கும். விழுந்து முப்பது வருடம் ஆகிறது. அவளே கணக்குப் போட்டாள்: "முந்நூத்தி அறுபது தடவை புதுத்தோல் வந்திருக்கணும். ஒரு தடவைகூடவா சரியா வரல?"

நியாயமான கேள்விதான். இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், ஆறு வருடம் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் நான். தோலை மட்டும் ஆயிரக்கணக்கில் சீவியிருப்பேன். இந்தக் கேள்வி ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

சீவுவது என்று சொன்னது உவமை இல்லை, வேலையே அதுதான். பயாப்சிக்காக எடுத்த துணுக்கு ஃபார்மலினில் ஊறி, ரப்பர் மாதிரி விறைத்து எங்களிடம் வரும். அதிலிருக்கும் தண்ணீரை ஆல்கஹாலை விட்டு வெளியேற்ற வேண்டும். ஆல்கஹாலை சைலீன் விட்டு வெளியேற்ற வேண்டும். அந்த இடத்தில் உருகிய பாரஃபின் மெழுகை ஊறவிட்டு, அச்சில் வார்த்து, குளிரவைத்தால் கிடைப்பது பிளாக். பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பூட்டி, கைச்சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றினால் பிளேடிலிருந்து மெழுகுச் சீவல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ரிப்பனாக இறங்கும். ஒரு சீவலின் தடிமன் நான்கு மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனை இருபது பங்கு போட்டால் ஒரு பங்கு அவ்வளவு வரும். பக்கத்தில் யாராவது தும்மினால் அந்த ரிப்பன் சுருண்டு எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சூட்டில் மெழுகு இளகிச் சுருக்கமெல்லாம் விரிந்ததும், கண்ணாடி ஸ்லைடைச் சாய்வாகத் தண்ணீருக்குள் விட்டு அள்ளி எடுக்க வேண்டும். கை பழகவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். நான் தயாரித்த தோல் ஸ்லைடு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரும்மா. நடுவுல இருக்கறது தோல். சரி. இந்த ஓரத்துல குடல் எப்படி வந்துச்சு?"

முந்தைய பிளாக் குடல் துணுக்கு. அதிலிருந்து உதிர்ந்த ஒரு துளி தண்ணீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்து, அடுத்த ஆளின் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் வேலையில் இதற்கு ஃபுளோட்டர் என்று பெயர். யாருடைய துணுக்கு யாருடைய ஸ்லைடில் ஏறுகிறது என்பதைப் பொறுத்து விபரீதம் ஆகக்கூடிய தப்பு. ஒவ்வொரு பிளாக்குக்கும் இடையில் தண்ணீர்ப் பரப்பை டிஷ்யூ பேப்பரால் வழித்தெடுக்கச் சொன்னார். திசுவைத் துடைக்க டிஷ்யூ. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துபோயிருந்தேன்.

ஆனால் ஒன்று மனதில் நின்றது. அந்த ஓரத்துத் துணுக்கு குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. ஒரே பார்வையில் அது குடல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திசுக்களுக்கு முகம் உண்டு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அதுவரை திசு என்றால் எனக்கும் என் மகளைப் போலத்தான், இரண்டு மதிப்பெண்.

அந்த முகம் தெரிய வேண்டுமென்றால் சாயம் போட வேண்டும். சீவிய திசு கிட்டத்தட்ட நிறமற்றது. உலகம் முழுக்க நூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்கும் ஜோடி ஹெமடாக்சிலினும் ஈயோசினும். ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்கப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. ஆதியில் அது துணிக்குப் போட்ட சாயம். செல்லின் உட்கருவைப் பிடித்து ஊதாநீலமாக்கும். ஈயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். ஆக, ஊதாப் புள்ளி தெரிகிற இடத்தில் ஒரு செல் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு நிறத்தில் தோலைப் பார்த்தால் என் மகளின் கேள்விக்குப் பாதி பதில் கண்ணுக்கே தெரியும். மேலே, ஒல்லியாக, நெருக்கமாக ஊதாப் புள்ளிகள் அடைத்த ஒரு பட்டை. அதுதான் மேல்தோல். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே அகலமான இளஞ்சிவப்பு வெளி. அதில் ஊதாப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். மீதியெல்லாம் அலையலையாக நார். அது உள்தோல். நாம் தோல் என்று கிள்ளிப் பார்ப்பதில் பெரும்பங்கு இந்த இளஞ்சிவப்புதான். அதில் செல் சொற்பம்.

மாதத்துக்கு ஒருமுறை புதிதாவது மேலே இருக்கும் ஊதாப் பட்டை மட்டும். என் தழும்பு இருப்பது கீழே.

"அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் இல்லை. கீழே இருப்பதும் சும்மா இருப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊதாப் பட்டை. நம் உடம்பில் அடிப்படையான திசுக்கள் நான்கு என்று கணக்கு: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. எபிதீலியம் என்பது விளிம்பில் வாழும் திசு. வெளியே தோலின் மேல், உள்ளே வாய், குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை, சுரப்பிகளின் உட்புறம் என்று உடம்பு எங்கெல்லாம் ஒரு பரப்பாக முடிகிறதோ அங்கெல்லாம் அதுதான் போர்த்தியிருக்கும். செல்கள் இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அதற்குள் இரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு கீழேயிருந்து கசிந்து வர வேண்டியதுதான். லேசாகச் சிராய்த்தால் சில சமயம் எரியும், இரத்தம் வராது. காரணம் இதுதான்: சிராய்ப்பு இன்னும் எபிதீலியத்தைத் தாண்டவில்லை.

மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பிரிந்ததில் ஒன்று அடியில் தங்கும். மற்றொன்று மேலே தள்ளப்படும். மேலே போகப் போக அது கெரட்டின் புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, உட்கருவை இழந்து, செத்து, கடைசியில் செதிலாக உதிரும். இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். குடலின் உட்பரப்பு இன்னும் அவசரக்காரன். மூன்றிலிருந்து ஐந்து நாளில் ஆளே மாறிவிடும்.

இப்படி ஓயாமல் பிரிவதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏவைப் பிழையில்லாமல் நகலெடுக்க வேண்டும். போதாததற்கு வெயிலும் புகையும் முதலில் படுவது இந்த விளிம்பில்தான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை எபிதீலியத்தில் தொடங்குவதில் வியப்பில்லை. எங்கள் ஆய்வகத்தில் டாக்டர்கள் அதிக நேரம் உற்றுப் பார்த்தது ஒரு கோட்டைத்தான். எபிதீலியத்துக்கும் கீழிருக்கும் இணைப்புத் திசுவுக்கும் நடுவில் அடித்தளச் சவ்வு என்று மிக மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன செல்கள் அதற்கு மேலேயே நிற்கின்றனவா, ஓட்டை போட்டுக் கீழே இறங்கிவிட்டனவா? மேலேயே நின்றால் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. கீழே இறங்கிவிட்டால் அங்கே இரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் இருக்கின்றன. பயணம் போக வழி கிடைத்துவிடும். செல்லே இல்லாத ஒரு சவ்வு, அதாவது செல்கள் செய்து வெளியே விரித்து வைத்த ஒரு பாய், அது கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதில் ஒருவரின் அடுத்த பத்து வருடம் தொங்கும். அதைப் பார்த்துப் பழகியதால்தானோ என்னவோ, "செல்களின் தொகுப்பு" என்ற அந்த வரையறை எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அப்புறம் அந்தச் செங்கல் உவமை. செல்தான் உடல் என்னும் கட்டடத்தின் செங்கல் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அவளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எபிதீலியத்துக்கு மட்டும் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம், பார்வைக்கு அப்படித்தான் அடுக்கியிருக்கும். இணைப்புத் திசுவுக்குப் போனால் அந்த உவமை அங்கேயே இடிந்து விழும். அங்கே செல் சுவரில் இல்லை. செல்தான் கொத்தனார்.

சொல்லப்போனால் திசு என்ற சொல்லுக்கே கட்டடத்தோடு சம்பந்தம் இல்லை, நெசவோடுதான். பிரெஞ்சில் அது நெய்த துணியைக் குறிக்கும் சொல். ஈழத்துப் பாடநூல்களில் திசுவை இழையம் என்பார்கள், செல்லைக் கலம் என்பார்கள். இழையால் ஆனது இழையம். பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ அதே படம், ஆனால் நம் சொல். கடன் வாங்கிய திசுவைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பழக்கதோஷத்தில் திசு என்றே எழுதுகிறேன், மன்னிக்க.

அந்தப் படத்தை மருத்துவத்துக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் சேவியர் பிஷா. 1802-இல் முப்பது வயதில் செத்துப்போனார். அதற்குள் நூற்றுக்கணக்கான சடலங்களை அறுத்து, உறுப்புகளை ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, அமிலத்தில் போட்டுப் பார்த்து, மனித உடம்பில் 21 வகைத் திசு இருக்கிறது என்றார். வேடிக்கை என்னவென்றால் அவர் நுண்ணோக்கியைத் தொடவில்லை. அதன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் குட்டிக் குட்டி அறைகளைப் பார்த்து செல் என்று பெயர் வைத்தது 1665-லேயே. ஷ்லைடனும் ஷ்வானும் எல்லா உயிரும் செல்லால் ஆனது என்று சொன்னது 1838, 1839-இல். நடுவில் வந்த பிஷா செல்லைப் பற்றிக் கவலையே படாமல் திசுவைக் கண்டுகொண்டார். விரலுக்கும் பல்லுக்கும் தட்டுப்படுகிற வித்தியாசம் அது. ஜவ்வு ஜவ்வாக, நார் நாராக.

இணைப்புத் திசுவின் பட்டியலைப் படித்ததும் மகள் சண்டைக்கு வந்தாள். "எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசைநாண். சரி. ரத்தமுமா? அது ஒழுகுதே!"

ஒழுகினால் என்ன? இணைப்புத் திசுவின் லட்சணமே செல்கள் குறைவாகவும் தள்ளித் தள்ளியும் இருந்து, இடையில் வேறு பொருள் நிரம்பியிருப்பது. எலும்பில் அந்த இடைப்பொருள் கால்சியம் உப்பேறிய கொலாஜன் என்னும் நார்ப் புரதம், அதனால் கெட்டி. குருத்தெலும்பில் தண்ணீரைக் குடித்து உப்பிய கூழ். அதனால் அமுங்கி எழும். இரத்தத்தில் பிளாஸ்மா, அதனால் ஓடும். பிறப்பும் ஒன்றுதான்: கருவில் இவை பெரும்பாலும் ஒரே நடுப்படலத்திலிருந்து கிளம்புகின்றன. எண்ணிக்கையில் இரத்தம் மற்றவர்களையெல்லாம் அடித்துவிடும். மனித உடம்பில் மொத்தம் 30 லட்சம் கோடி செல் இருக்கும் என்று 2016-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. அதில் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள்தான். சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, 120 நாள் ஓடிவிட்டுச் சாகும். நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிதாகப் பிறந்தால்தான் கணக்கு சரியாக வரும். எண்ணிப் பார்த்தால் நம்மில் ஆறில் ஐந்து பங்கு செல்களுக்கு டிஎன்ஏவே இல்லை. பாடநூலில் படம் போட்ட அந்த லட்சணமான முழுச் செல் நம் உடம்பில் சிறுபான்மை.

சரி, முழங்காலுக்கு வருவோம்.

விழுந்த அன்று கிழிந்தது மேல்தோல் மட்டும் இல்லை, உள்தோலும். முதல் சில நிமிடத்தில் இரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொண்டு, ஃபைப்ரின் இழைகள் வலை பின்னி, அடைப்பு விழுந்தது. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில்கள் வந்து கிருமியைத் தின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த நியூட்ரோஃபில்களையும் குப்பையையும் தின்றன. மேலே ஓரங்களிலிருந்து எபிதீலியச் செல்கள் பொருக்குக்கு அடியில் ஊர்ந்து வந்து மூடின. (பொருக்கைப் பிய்க்காதே என்று என் அம்மா கத்தியது இதற்காகத்தான். நான் பிய்த்தேன்.) இவர்களோடு இன்னொருவர் வந்தார். ஃபைப்ரோபிளாஸ்ட். நாரை நூற்கும் செல்.

மெலிந்து, இரண்டு பக்கமும் கூராக, நுண்ணோக்கியில் பார்த்தால் நூல் நூற்கும் கதிர் மாதிரி இருக்கும். ஸ்லைடில் யாரும் அதை இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். உட்கருவிலுள்ள டிஎன்ஏவில் கொலாஜனுக்கான பகுதி ஆர்என்ஏவாக நகலாகி வெளியே வருகிறது. எண்டோபிளாச வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் அதைப் படித்து அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கின்றன. மூன்றுக்கு ஒன்று கிளைசின். அந்த வலைக்குள்ளேயே சங்கிலியின் சில இடங்களில் சின்ன வேதி மாற்றம் ஒன்று நடக்க வேண்டும். அது நடந்தால்தான் மூன்று சங்கிலிகள் கயிறு திரிப்பது போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிலைக்கும். திரித்த கயிறு கோல்கை உறுப்பு வழியாகப் பொட்டலமாகி செல்லுக்கு வெளியே போகும். இரண்டு முனையிலும் குஞ்சம் மாதிரி மிச்சம் ஒட்டியிருக்கும். வெளியே போன பிறகுதான் அதைக் கத்தரிப்பார்கள். கத்தரித்த அடுத்த கணம் கயிறுகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து தடித்த நாராகிவிடும். உள்ளேயே கத்தரித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தறி, நெய்த துணியிலேயே சிக்கிச் செத்துப்போகும். நம் உடம்பிலிருக்கும் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வெளியே போட்ட கொலாஜன்தான்.

காயத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு அழகு பார்க்க நேரமில்லை. சாதாரண உள்தோலில் கொலாஜன் நார்கள் கூடை முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். காயத்தில் இழுவிசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக, ஒரே திசையில், நெருக்கி நெருக்கிப் போட்டுவிடுகிறது. அவசரத் தையல். பல மாதம் கழித்து அதைப் பிரித்து, கெட்டியான நாராக மாற்றிக் கட்டினாலும் பழைய வலிமையில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. முடிக்காலும் வியர்வைச் சுரப்பியும் திரும்ப வருவதில்லை. மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, முடியே இல்ல!" என்றாள். முப்பது வருடமாக வழவழப்பாக இருந்தது அதனால்தான்.

அப்படியென்றால் தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டுப் போன பொருள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு கடற்கதை. 1740-லிருந்து 1744 வரை ஆன்சன் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கப்பல் பயணம் உலகைச் சுற்றி நடந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் நோயில், அதிலும் முக்கியமாக ஸ்கர்வியில், செத்தார்கள். கூடப் போன பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்: ஐம்பது வருடத்துக்கு முன்னால் அயர்லாந்தில் பாயின் என்ற ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் காயம்பட்டு, ஆறி, அதன்பின் நன்றாகவே வாழ்ந்த ஒரு மாலுமிக்கு, அந்தப் பழைய காயங்கள் புதிது போலத் திறந்துகொண்டன. என்றைக்கோ முறிந்து கூடிய எலும்பும் கூடாதது போல விட்டுப்போனது. பாயின் சண்டை நடந்தது 1690-இல்.

கொலாஜன் சங்கிலியில் நடக்க வேண்டிய சின்ன வேதி மாற்றம் என்று சொன்னேனே, அதற்கு வைட்டமின் சி வேண்டும். மனிதனால் அதை உடம்புக்குள் செய்துகொள்ள முடியாது. செய்யும் மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. மாதக்கணக்கில் காயும் கனியும் இல்லாத கப்பலில் புதுக் கயிறு நிலைக்காது. பழைய கயிறோ அதன்பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருக்கிறது. சாதாரணத் தோலைவிடத் தழும்பில் இந்த அழிப்பும் ஆக்கமும் வேகம். ஆக முதலில் பிரிவது பழைய தழும்பு. ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் பன்னிரண்டு நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாகக் கவனித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஏன் என்று தெரிய இன்னும் இருநூறு வருடம் ஆனது.

என் முழங்காலில் இருப்பது முப்பது வருடத்துக்கு முன் போட்ட நார் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். பழைய நார் கரைய, ஃபைப்ரோபிளாஸ்ட் புதிதாக நூற்று, பக்கத்தில் இருக்கும் நாரின் திசையைப் பார்த்தே அதையும் போடுகிறது. பக்கத்து நார் கோணலாகக் கிடந்தால் புதியதும் கோணல்தான். தான் எதைப் பழுது பார்க்கிறோம் என்று அந்தச் செல்லுக்குத் தெரியாது. சைக்கிளும் தெரியாது, கல்லும் தெரியாது. நான் விழுந்தது எந்தச் செல்லிலும் பதிவாகி இருக்க வேண்டியதில்லை. செல்லுக்கு வெளியே கிடக்கும் நாரின் போக்கில் இருக்கிறது. "செல்களின் தொகுப்பு" என்ற வரையறைக்குள் இதற்கு இடமே இல்லை.

"அப்போ டாட்டூ?"

இந்தக் கேள்வி எங்கே போகும் என்று தெரிந்ததால் முதலில் முறைத்தேன். பிறகு சொன்னேன். ஊசி மையை உள்தோலில் விடுகிறது. மேக்ரோஃபேஜ் அதை அந்நியப் பொருள் என்று விழுங்குகிறது, செரிக்க முடிவதில்லை. வயிற்றில் மையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அது செத்தால் மை வெளியே கொட்டும். அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும். 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். செல் மாறுகிறது, கோலம் நிற்கிறது. கேட்டுவிட்டு "சூப்பர்" என்றாள். நான் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொண்டாளோ என்று இன்னும் சந்தேகம்.

ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பே முழுசாகப் புதிதாகிவிடுகிறது என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும். அப்படி ஒரே தவணை எல்லாவற்றுக்கும் கிடையாது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டன; அந்தச் சோதனைகளுக்குத் தடை போட்ட 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்த வருடத்துக் காற்றின் கார்பன் அதன் டிஎன்ஏவில் முத்திரையாக நிற்கும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2005 முதல் இந்த முத்திரையை வைத்து செல்களுக்கு வயது பார்த்தார்கள். மூளைப் புறணியின் நரம்புச் செல்களுக்கு அந்த மனிதரின் வயதே இருந்தது. இதயத் தசையில் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் மாறுகிறது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. கண் வில்லையின் மையத்தில் இருக்கும் புரதம் கருவிலேயே உருவானது, மாறுவதே இல்லை. குண்டு போட்டவர்கள் இதற்காகப் போடவில்லைதான்.

மற்ற இரண்டு திசுக்களை அவசரமாக ஓட்டினோம், மணி பத்தாகிவிட்டது. தசையில் அவளுக்குப் பிடித்தது இதயச் செல். தனித்தனியாகப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் தாளத்தில் துடிக்கும். வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் சேர்ந்து துடிக்க ஆரம்பித்துவிடும். நரம்புக்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எழுந்து போன வேகத்தில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டாள். முதலில் சுரீர் என்று ஒரு வலி. ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொன்று. இரண்டும் ஒரே இடிதான். மயலின் உறை போட்ட நார் நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடி முதலில் செய்தி சேர்க்கும். உறையில்லாத நார் நொடிக்கு ஒரு மீட்டர் போல நடந்து வந்து சேரும். இதைச் சொல்ல அது நேரம் இல்லை போலிருக்கிறது, என்னைக் கடித்துக் குதறிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து விடைத்தாள் வந்தது. திசு என்றால் என்ன என்ற கேள்வி வந்திருந்தது. "ஒத்த அமைப்பும் ஒத்த பணியும் கொண்ட செல்களின் தொகுப்பு" என்று எழுதி, அடியில் ஸ்கேலால் கோடு போட்டிருந்தாள்.

"நான் சொன்னது எதுவும் எழுதலையா?"

"எழுதினா ஒரு மார்க் போயிருக்கும்மா" என்றாள்.

இரண்டுக்கு இரண்டு போட்டிருந்தது.